வெளிப்பக்க நாற்காலி

2025 ஜனவரி 5, ஞாயிறு

ரமாமணிக்குப் பக்கவாதம் வந்த பிறகு இன்றுதான் முதல் ஒத்திகை. எங்கள் வயலின் குழுவில் ஸ்வரத்தாள் வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். அவளுக்குச் சபையை ஒட்டிய வெளிப்பக்க நாற்காலி, எனக்கு உள்பக்கம். பக்கம் முடியும்போது உள்பக்கத்தவள் வில்லை இறக்கிவிட்டுத் தாளைத் திருப்ப வேண்டும். வெளிப்பக்கத்தவள் நிறுத்தாமல் வாசிப்பாள். இன்றும் வழக்கம்போலத் திருப்பினேன். பக்கத்தில் சத்தமே இல்லை.

எதிரே நின்று நடத்திக்கொண்டிருந்த இளவரசன் கையைத் தட்டி நிறுத்தினான். "அக்கா, அந்த எடத்துல ஒங்க ஸ்டாண்டுல யாருமே வாசிக்கலயே?"

முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்த உருப்படி. அதில் எந்தப் பக்கத்தின் கடைசி வரியும் எனக்குத் தெரியாது! வீட்டில் பயிற்சி செய்யும்போதுகூட, எதற்கு வீணாக என்று விட்டுவிடுவேன். சோம்பேறி.

ஜனவரி 7

காலையிலிருந்து கடைசி வரிகள்தான். கழுத்து வலிக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

மார்ச்சில் குழுவின் நாற்பதாவது ஆண்டு விழா. யதிராஜன் சார் சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குகளில் வாசித்துவிட்டு, ஊருக்குத் திரும்பி ஆரம்பித்த குழு. "கச்சேரிக்கு ஒரு வயலின் போதாதா, இருபது என்னாத்துக்கு?" என்று காஞ்சிபுரமே சிரித்தது. சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டு ரமாமணியையும் தாமல் கிராமத்து விவசாயி வீட்டுப் பெண்ணான என்னையும் சார்தான் ஒரே ஸ்டாண்டில் உட்கார வைத்தார். முதல் வருஷம் அவள் என்னிடம் பேசியது "திருப்பு" ஒன்றுதான். பிறகு வாயை மூடவே இல்லை.

சார் போய்ச் சேர்ந்துவிட்டார். ராகங்களைப் பல குரலாகப் பிரித்து அவர் எழுதியதையெல்லாம் எங்களை விட்டால் வாசிக்க ஆளில்லை. இப்போது குழுவை நடத்துவது இளவரசன். ஒத்திகை முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான்.

"கோச்சுக்காதக்கா. நீ வெளிப்பக்கம் வந்துடு. உள்ள லக்ஷணாவ உக்கார வெக்கலாம்."

லக்ஷணா ரமாமணியிடம் படித்தவள். கெட்டிக்காரிதான். ஆனால் நான் விடவில்லை. "ரமா வந்துடுவாப்பா. அது அப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.

நான் நகர்ந்து உட்கார்ந்தால், அவள் வரமாட்டாள் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகாதா?

ஜனவரி 23

ரமாமணியைப் பார்த்துவிட்டு வந்தேன். இடது கை மடியில் சும்மா கிடக்கிறது. ஸ்வரம் பிடிக்கிற கை. பேசிக்கொண்டே இருந்தபோது அதன் சுண்டு விரல் அசைந்தது! நான்தான் முதலில் பார்த்தேன். "அது அப்பப்போ துடிக்கும்டி" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மார்ச்சுக்கு வந்துடுவ பாரு" என்றேன். அவள் காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவள் நாற்காலியில் எவனோ பையை வைத்திருந்தான். கத்திவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

இனி யாரும் பை வைக்கக் கூடாது என்று, அந்த நாற்காலியின் முதுகில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிவிட்டேன். அவளுக்குப் பிடித்த பூ. பாதி ஒத்திகையில் கதவு திறந்தது. அவள் கணவர் கோவர்தன் சக்கர நாற்காலியில் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. ரமாமணி நாற்காலியைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"நேக்கு மாலை போட்டுட்டேளா?"

ஐயோ. காலி நாற்காலியில பூவ சுத்தினா வேற எப்பிடி தெரியும்? போட்டோ ஒண்ணுதான் கொறச்சல். எனக்கு ஏன் தோணல? என்னா பண்ணி வெச்சேன் நானு—

பூவைப் பிய்த்து எடுத்துப் பைக்குள் திணித்தேன். அவள் ஒரு உருப்படியை முழுக்கக் கேட்டுவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 17

காலையிலேயே போய் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"கோபம்லாம் இல்லடி. இந்தக் கை இனிமே வாசிக்காதுன்னு டாக்டர் பொங்கலுக்கே சொல்லிட்டார். நீ ஒவ்வொரு தடவையும் வந்து, மார்ச்சுக்கு வந்துடுவேங்கறச்சே, சொல்ல வாய் வரலை."

நான் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவள் எனக்காகப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"போய் அதுல உக்காரு, காந்தா. காலியா கிடந்தா வந்தவாள்ளாம் என்னைத்தான் தேடுவா. சார் எழுதினதை யாரு கேப்பா?"

மார்ச் 16, ஞாயிறு

விழா நடந்தது. வெளிப்பக்கம் உட்கார்ந்தேன். லக்ஷணா தாளைத் திருப்பினாள். கடைசி வரிகள் ஒன்றையும் விடவில்லை. முன்வரிசையில் இருந்த ரமாமணி என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கச்சேரி முழுக்க என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

மார்ச் 23, ஞாயிறு

லக்ஷணா பெட்டியைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டது, ரமாமணியின் வயலின்.

"மாமி என்னையே வெச்சுக்கச் சொல்லிட்டா, ஆன்ட்டி" என்றாள்.

தோளில் வைத்துச் சுருதி சேர்த்தாள். அதே நாதம். கண்ணை மூடிக்கொண்டால் ரமாமணியே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

நான் மூடவில்லை.