மூன்று காலில் மாடியேறிய பொட்டு

பூந்தமல்லி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள தாட்சாயிணிக்கு,

நானும் கடையும் இங்கே சௌக்கியம். நீயும் கனிமொழியும், வீடியோவில் எப்போது பார்த்தாலும் தூங்கிக்கொண்டே இருக்கிற என் பேத்தியும் அங்கே நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். பக்கத்துத் தெரு சம்பத் லீவு முடிந்து, நீங்கள் இருக்கிற மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். சாம்பார்ப் பொடி, வடாம், பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப் பொடி எல்லாம் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அதோடு இதுவும். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பிப்பாய், பக்கத்தில் கனிமொழி படுத்திருப்பாள். காகிதம் என்றால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு அழலாம். அழ வேண்டிய விஷயம் இல்லை.

உன் பூனை பொட்டுவைப் பற்றித்தான். உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை மனதில் வாங்கிக்கொள்.

நீ ஊருக்குப் போன மறு மாதம், கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அடுக்குமாடி கட்ட ஜேசிபி இறக்கினார்கள். அவள் குடியிருந்த முள்புதர் முழுக்கப் போயிற்று. ஒரு மத்தியானம் பின் படிக்கட்டில், நீ சோறு வைக்கிற இடத்திலேயே, நசுங்கின பின்னங்காலோடு வந்து படுத்துக் கிடந்தாள். வேறு எங்கும் போகவில்லை பார். கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கோவிந்தன் சாக்கில் சுற்றித் தூக்கினான், நான் வண்டியை எடுத்தேன். ஆவடியில் கிருஷ்ணப்பிரியா என்று ஒரு டாக்டர், சின்னப் பெண், கெட்டிக்காரி. காலை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார். பிறகு என்னை உட்காரவைத்து, "இனிமே இது தெருவுல இருக்க முடியாது சார். மூணு கால்ல நாய்கிட்ட தப்பிக்காது. வீட்டுக்குள்ள பழக்கணும். உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற எடம் பாக்கலாம்" என்றார்.

வேறு இடமாம். நீ வந்து படிக்கட்டில் நின்று கூப்பிட்டால் நான் என்ன பதில் சொல்வது? நீ திரும்பி வரும்போது அவள் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அரிசிக்காரனுக்குப் பூனை கடையில்தான் இருக்க வேண்டும், வீட்டில் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது மாடியில் கனிமொழியின் அறையையே கொடுத்தேன். வீடு முழுவதையும் ஒரே நாளில் காட்டக் கூடாது, ஒரு அறை பழகட்டும் என்பது டாக்டரின் உத்தரவு. கோவிந்தனுக்கு வயிற்றெரிச்சல். "பூனைக்கு ரூமு போட்டுக் குட்த்துக்கினு கீறீங்க மொதலாளி. நான் குடோனுக்கு ஒரு ஃபேனு கேட்டா ரெண்டு வருசமா பாக்கலாம் பாக்கலாம்ன்றீங்க" என்றான். அந்த வாரமே ஃபேன் மாட்டினேன். இல்லாவிட்டால் பூந்தமல்லி முழுக்கச் சொல்லிவிடுவான்.

வீட்டுப் பூனைக்கு மலஜலம் போகத் தட்டில் மணல் வைக்க வேண்டும். அதற்கென்றே பாக்கெட்டில் விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு, நம்மிடம் கிடக்கிற உமியைத் தட்டு நிறையக் கொட்டினேன். மகாராணி என்ன செய்தாள் தெரியுமா? உமியில் சுருண்டு படுத்துச் சுகமாகத் தூங்கினாள். எழுந்து போய் என் இலவம்பஞ்சுத் திண்டின் மேல் காரியத்தை முடித்தாள். டாக்டரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். குட்டியிலிருந்து நம் உமி மூட்டை மேல் படுத்தவளுக்கு அது மெத்தைதானே? இது எனக்குத் தோன்றவில்லை. சரி, மெத்தையாகவே இருக்கட்டும் என்று பழைய சாக்கில் உமி அடைத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். தட்டுக்கு அவள் பழகின மண் வேண்டுமென்று மனைக்குப் போனேன். மேஸ்திரி, "லோடு லோடா அள்ளிக்கினு போறதுக்கு ஆளத் தேடிக்கினு கீறோம், நீ இன்னாடான்னா ஒரு கூடை கேக்குறியே நைனா" என்று கேலி செய்தான். செய்யட்டும். அன்றிலிருந்து தட்டை விட்டு வேறு இடம் போனதில்லை.

ஆனால் கட்டிலடியை விட்டு வெளியே வரமாட்டாள். இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. கடைக்குப் புதிதாக வருகிறவனை உற்றுப் பார்த்தால் அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். நம் வேலையை நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அவனாகவே மூட்டையில் கைவிட்டுப் பார்ப்பான். அதே மாதிரி கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தினமும் பேப்பர் படித்தேன். முதலில் மீசை வந்தது, பிறகு தலை வந்தது. ஒரு நாள் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டாள். கோழிக்கடை அப்துல் ரசாக்கிடம் ஓடிப் போய்ச் சொல்லி, அவளுக்கு வாங்குகிற ஈரலுக்கு விலையைக் குறைக்கச் சொன்னேன். "பூனைக்கு வாங்குறது ஒரு கை ஈரலு, பேரம் மட்டும் கல்யாணத்துக்கு வாங்குறாப்ல பண்ணு அண்ணாத்தே" என்றான்.

அந்தப் பெருமையில் புத்தி கொஞ்சம் மழுங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை, நீ செய்வது போல எல்லா அறைக்கும் சாம்பிராணி காட்டினேன், அவள் அறைக்கும்தான். புகை என்றால் அவளுக்குக் குப்பை எரிவதுதானே! மூன்று காலில் மேஜை, அங்கிருந்து பீரோ, அங்கிருந்து பரண். உன் பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் போய் ஒடுங்கினவள் இறங்கவே இல்லை. சோறு, மீன், ஈரல் எதையும் தொடவில்லை. பூனை பட்டினி கிடந்தால் அதன் ஈரலே கெட்டுப் போகும், சீக்கிரம் சாப்பிட வையுங்கள் என்றார் டாக்டர். தாட்சாயிணி, பரணைப் பார்த்து, "எறங்கி வாடி கண்ணு" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி யாராவது பார்த்திருக்கிறார்களா?

அப்போதுதான் உனக்குச் செய்தி அனுப்பினேன், வத்தக்குழம்பு எப்படி வைப்பது, எழுதாதே, பேசி அனுப்பு என்று. "முப்பது வருசமா சாப்ட்ட ஆளுக்குப் புளி எவ்ளோன்னு தெரியாதா? இன்னா திடீர்னு?" என்று திட்டி அனுப்பினாய். அந்தத் திட்டைத்தான் பரணுக்கு நேராகப் போட்டுக் காட்டினேன். அண்டாவுக்குப் பின்னால் ஒரு காது திரும்பியது! விடுவேனா? ரசம் கேட்டேன், மோர்க்குழம்பு கேட்டேன். இந்த ஆளுக்குச் சமையல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கனிமொழியிடம் சொன்னாயாமே. "கடுகு வெடிக்கட்டும், அவசரப்படாதீங்க" என்று நீ சொல்லும்போது பொட்டு பீரோவுக்கு வந்து, மேஜைக்கு வந்து, போனை முகர்ந்து பார்த்துவிட்டு ஈரலை நக்கினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கண்ணைத் துடைத்ததை அவள்கூடப் பார்க்கவில்லை.

இப்போது வீடு முழுக்க அவள் ராஜ்ஜியம். வாசல் கதவு திறந்திருந்தாலும் அந்தப் பக்கம் போவதில்லை. முந்தாநாள் காலை நடந்ததைக் கேள். வியாபாரி வீட்டு மாடியில் எலி என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. மூன்று காலை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய எலியைப் பிடித்துவிட்டாள். பிடித்து எங்கே வைத்தாள் தெரியுமா? உன் தலையணை மேல். பக்கத்திலேயே நான் படுத்திருக்கிறேன், எனக்கு ஒரு வால்கூட இல்லை. கோபப்படாதே, உறையை வெந்நீரில் துவைத்துவிட்டேன். மார்க்கெட்டில் ஆள் விடாமல் சொன்னேன். "பெத்த பொண்ணு டிகிரி வாங்கினப்போகூட நீங்க இவ்ளோ பேசல மொதலாளி" என்கிறான் கோவிந்தன். நிஜம்தான். அவளுக்கு உன் புத்தி, படித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். இவள் என் கையில் தேறினவள்.

குழந்தைக்கு ஒரு வயது ஆகிறவரைக்கும் உன்னை அங்கேயே வைத்துக்கொள்ளப் போவதாகக் கனிமொழி போனில் சொன்னாள். சரிம்மா என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். அவளுக்கு இந்த நேரத்தில் நீ வேண்டும். உடம்பைத் தேற்று. பேத்தி நூறு வயது இருக்கட்டும் என்று அவள் நெற்றியைத் தொட்டு என் சார்பில் சொல்லு.

பூனை விழுந்துவிடக் கூடாதென்று மாடி ஜன்னல், பால்கனி எல்லாவற்றுக்கும் வலை அடித்திருக்கிறேன். இனி இந்த வீட்டில் குழந்தையும் பயமில்லாமல் தவழலாம். குழந்தை பிரயாணம் செய்யலாம் என்று அங்கே டாக்டர் சொன்னதும் எல்லோருமாகப் புறப்பட்டு வாருங்கள். அவர்களுக்குத் தோதுப்படவில்லை என்றால், நீ மட்டும் வந்தாலும் சரி.

உன் வருகையை எதிர்பார்க்கும்
ஜெயராமன்