ஏழு இடது வளைவுகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சியாக இருக்கிறது. அங்கே நீ சுகமா, உடைந்து கூடிய உன் இடது தோள் எலும்பு சுகமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறேன், இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வர வேண்டும். இது முழுக்க என் கையால் நான் எழுதும் முதல் கடிதம். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் உன் அண்ணன் கை, நான் சொன்னதில் பாதியை அவன் விழுங்கிவிடுவான், அவசரக்காரன். நூலகத்து மாடி அறையில் சாயங்காலம் நாலு மணி வகுப்புக்குப் போக ஆரம்பித்து ஒன்பது மாதம் ஆகிறது, இப்போது பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, அடுத்த வீட்டுக்காரருக்கு வந்த கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்து உன் அம்மாவின் உயிரை வாங்குகிறேன். டீச்சரம்மா இந்தக் கடிதத்தைத் திருத்தித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன், இது அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் உள்ள விஷயம், தப்பு இருந்தால் நீயே பொறுத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் நான் பாதியில் மாற்றிச் சொல்லிவிடுவேன் அம்மா, தாளில் எழுதிவிட்டால் எழுதியதுதான். உன் அண்ணனை டயர் கிடங்கில் மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள், அன்றிலிருந்து வீட்டிலும் எங்களை மேற்பார்வை பார்க்கிறான். அவன் குழந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, வீட்டில் எல்லோரையும் கடித்துப் பார்த்துவிட்டு என் கட்டைவிரல்தான் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டாள். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, நானே பிரித்து மாட்டினேன், ஒழுகும்போதே நன்றாக இருந்தது என்று உன் அம்மா சொல்கிறாள்.

இனி நீ கேட்ட விஷயம். உன் டீமில் அடுத்த வருஷத்துக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அதற்கு நீயும் புதிதாக வந்த அந்தப் பெண்ணும் நிற்கிறீர்கள், இரண்டு பேரும் ஒரே மலையைச் சைக்கிளில் ஏறக்குறைய ஒரே நேரக் கணக்கில் இறங்குகிறீர்கள், அதனால் மேனேஜர் மாதக் கடைசியில் ஒரு தேர்வு வைக்கிறார். மோதிப் பார்க்க இஷ்டமில்லாவிட்டால் டீம் நடத்தும் சைக்கிள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை உனக்குக் காத்திருக்கிறது, ஆனால் அதற்குக் கையெழுத்துப் போட்டால் அதோடு பந்தயத்தை மறந்துவிட வேண்டும். இதை எழுதிவிட்டு இரண்டு வீடியோ அனுப்பியிருந்தாய். ஒரே பாதை, ஒரே உடுப்பு, முகத்தை மூடின ஹெல்மெட், எது யார் என்று சொல்ல மாட்டேன் அப்பா, சொன்னால் நீங்கள் என் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள், எவள் நன்றாக இறங்குகிறாள் என்று மட்டும் சொல்லுங்கள், அது நானாக இருந்தால் மோதுகிறேன், இல்லாவிட்டால் வேலைக்குப் போய்விடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரிகளை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆறு வருஷமாக அதே வேலையாக இருக்கிறவள் என்னிடம் வந்து கேட்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை.

கேட்டது சரியான ஆளிடம்தான். எனக்குச் சைக்கிளில் மலை இறங்கத் தெரியாது, இறங்குகிறவர்களை எடைபோடத் தெரியும். முப்பத்தோரு வருஷம் லாரிக்கு லோடு ஏற்றி அந்த லோடு மேலேயே உட்கார்ந்து மலை இறங்கினவன் நான். டிரைவர் கீழே கேபினில் இருப்பார், நாங்கள் மேலே தார்ப்பாயில் இருப்போம், அவர் கையும் காலும் என்ன செய்கிறது என்பது எங்களுக்கு இடுப்பில் தெரியும். இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி டீ குடிப்போம், இன்றைக்கு உங்கள் டிரைவர் எப்படி என்று மற்ற வண்டி லோடுமேன்கள் கேட்பார்கள், நல்லவர் கெட்டவர் என்று நாங்கள் சொல்வதில்லை, தூங்கலாம் என்போம், இல்லாவிட்டால் கயிறு என்போம். தூங்கலாம் என்றால் மூட்டை மேல் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம், கயிறு என்றால் லோடு கட்டின கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பெரிய ஹாரனும் பெரிய மீசையும் வைத்தவர்கள் முக்கால்வாசிப் பேர் கயிறுதான். பஞ்சு என்று நாங்கள் கூப்பிடும் ஒரு டிரைவர் இருந்தார், ஊதினால் பறந்துவிடும் உடம்பு, அவர் வண்டியில் ஏறினால் மலை முடிந்ததே தெரியாது, கீழே சந்தையில் தட்டித்தான் எழுப்புவார்கள். அந்த அளவை வைத்துத்தான் உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன்.

உன் அண்ணன் போன் கையகலம்தான் இருக்கிறது என்று சலூன்காரரிடம் சொல்லி அவர் கடைச் சுவரில் இருக்கிற பெரிய டிவியில் போடச் சொன்னேன். முதல் வீடியோ ஓடினபோது பாதி முகத்தில் சோப்போடு இருந்தவர்கூட எழுந்து நின்றுவிட்டார். மேடு வந்த இடத்திலெல்லாம் அந்தப் பெண் அந்தரத்தில் பறக்கிறாள், பறக்கும்போதே பின்சக்கரத்தை ஒரு பக்கம் வீசித் திருப்புகிறாள், பாறை மேல் விழுந்தடித்து இறங்குகிறாள், கடை முழுக்க விசில். ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் அங்கே தினமும் பேப்பர் படிக்க வருவார், அவரே பேப்பரை மடித்து வைத்துவிட்டார். இரண்டாவது வீடியோவுக்கு ஒரு விசில்கூட இல்லை, சலூன்காரர் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார். நான் மட்டும் அதைத் திரும்பப் போடச் சொன்னேன், திரும்பவும் போடச் சொன்னேன். அடியில் சைக்கிள் வேர்கள் மேல் குதித்துக்கொண்டு வருகிறது, மேலே அவள் தலை வைத்த இடத்தில் இருக்கிறது, அந்த நேரத்தில் சலூன்காரர் அவளுக்குச் சவரமே செய்திருக்கலாம், கீறல் விழுந்திருக்காது. முழங்கையும் முழங்காலும் மடங்கி எல்லா அடியையும் வாங்கிக்கொள்கிறது. வளைவு வருவதற்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடுகிறாள், வளைவுக்குள் போனபிறகு விரல் அதைத் தொடுவதில்லை, சக்கரம் தன்பாட்டுக்கு உருள்கிறது. ஹெல்மெட் சக்கரத்தின் பக்கம் குனிவதில்லை, அடுத்துப் போகவேண்டிய இடத்தைப் பார்த்தே இருக்கிறது. மேட்டில்கூடப் பறக்காமல் சைக்கிளைக் கீழே அமுக்குகிறாள், அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தை மிதிக்கவும் முடியாது திருப்பவும் முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவள் தூங்கலாம், முதல் பெண் கயிறு, இதில் சந்தேகமே இல்லை என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, இந்த இரண்டாவது பெண்தான் என் மகள் என்றும் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். மூன்று நாள் பால் கடை, டயர் கிடங்கு வாசல் என்று எல்லா இடத்திலும் சொன்னேன், வகுப்பில் கரும்பலகையில் வளைவு வரைந்து என் மகள் எந்த இடத்தில் பிரேக்கை விடுகிறாள் என்று காட்டினேன்.

நாலாம் நாள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் வந்து உன் மகளைப் பார் என்று அண்ணன் போனை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, இரண்டாவதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு இது யாரோ என்றாள். முதல் வீடியோவை வைத்தேன். புறப்படுவதற்கு முன்னால் அந்தப் பெண் இடது தோளை இரண்டு முறை மேலே தூக்கி விட்டாள், அவ்வளவுதான், உன் அம்மா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். “இதுதான் நம்ம பொண்ணு. ஸ்கூல் பை மாட்டின காலத்துலேருந்து இப்படித்தான் தோளைத் தூக்கி விடுவா. மூணு நாளா நீங்க யாரை மகள்னு ஊரெல்லாம் கொண்டாடிட்டு வந்தீங்க?” என்று கேட்டாள். இரண்டாவது பெண் நன்றாக இறங்கினாள், நன்றாக இறங்குகிறவள் என் மகளாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன், என் கண் ஏமாறவில்லை, என் ஆசைதான் ஏமாற்றிவிட்டது. உனக்கு எழுதும்போது இரண்டு பேரும் சமம் என்று எழுதிவிடலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். அப்படி எழுதினால் நீ என்னிடம் கேட்டதே வீண். மறுநாள் சலூனுக்குப் போய், ஐயா, அந்த இரண்டாவது பெண் என் மகள் இல்லை, முதல் பெண்தான், ஆனால் நான் சொன்ன தீர்ப்பு அப்படியே நிற்கிறது என்றேன். விசில் அடித்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். பஸ் டிரைவர் சிரிக்கவில்லை. “பெத்த பொண்ணையே ரெண்டாவதுன்னு சொல்ற ஆளை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்” என்றார். ஆகவே உனக்கும் அதையே எழுதுகிறேன். இன்றைக்கு அந்தப் பெண்தான் உன்னைவிட நன்றாக இறங்குகிறாள்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், நீயும் வேண்டுமானால் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. நீதான் என்று தெரிந்தபிறகு உன் வீடியோவை இருபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். வலது வளைவுகளில் நீ அவளுக்கு மேல். பாறையிலும் நீ அவளுக்கு மேல், அங்கே அவளுக்கு உன் அளவு துணிச்சல் இல்லை. அந்தப் பாதையில் இடது வளைவு ஏழு இருக்கிறது, ஏழிலும் நீ உள்ளே போனபிறகு பிரேக்கைத் தொடுகிறாய், பின்டயரில் புழுதி தெறிக்கிறது, கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட எண்ணிவிடலாம். இடது பக்கம் சாய்ந்து விழுந்துதான் உன் தோள் உடைந்தது, எலும்பு கூடிவிட்டது, பயம் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு இடது வளைவுக்கும் பிறகு வருகிற மேட்டில்தான் நீ அதிகமாகப் பறக்கிறாய், அதையும் பார்த்தேன். விசில் அடித்த யார் கண்ணிலும் அந்தப் புழுதி படவில்லை, அது படக்கூடாது என்றுதான் நீ பறக்கிறாய் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் எழுது, ஆனால் தப்பாக இருக்காது.

எப்படி இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன் என்றால் நானும் அதையே செய்தவன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது மழையில் நனைந்த தார்ப்பாய் வழுக்கி ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி மேலிருந்து விழுந்தேன், இடுப்பில் அடி என்று உன் அம்மாவுக்குத் தெரியும், அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் மேலே ஏறவே இல்லை என்று தெரியாது. இறக்கம் வந்தால் ஏதாவது காரணம் சொல்லி டிரைவர் பக்கத்தில் கேபினில் உட்கார்ந்துகொள்வேன், கதை சொல்வேன், பாட்டுப் பாடுவேன், எல்லோரையும் சிரிக்க வைப்பேன், என் சத்தத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பஞ்சு மட்டும் ஒரு நாள், நான் விழுந்த அதே வளைவில் வண்டியை ஓரம்கட்டி, இறங்கி நடந்து பார் என்றார். நடந்தேன். மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே, நாலைந்து தடவை நடந்தேன், தரை எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே ஜல்லி கிடக்கிறது என்று காலால் தடவிப் பார்த்தேன், பார்க்கப் பார்க்க அது சாதாரண ரோடாக ஆகிவிட்டது. அடுத்த வாரம் ஏற்றத்தில் மேலே உட்கார்ந்தேன், பிறகு அவருடைய வண்டியில் மட்டும் இறக்கத்தில் உட்கார்ந்தேன், மறுபடி தூங்குவதற்கு நாலு மாதம் ஆனது.

அதனால் நீ போட்ட கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. நன்றாக இறங்கினால் மோதுவேன், இல்லாவிட்டால் வேலைக்குப் போவேன் என்றாய், மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இந்தத் தேர்வில் மோதாதே, மோதினால் இன்னும் உயரப் பறப்பாய், அந்தத் தோளில் இன்னொரு தடவை விழுவாய். பயிற்சி வேலைக்கும் கையெழுத்துப் போடாதே, பயந்து ஒதுங்கினவளிடம் பிள்ளைகள் பயத்தைத்தான் படிக்கும். மேனேஜரிடம் நேராகப் போய், இன்றைக்கு அவள்தான் மேல், இடம் அவளுக்கே இருக்கட்டும், எனக்கு இடது வளைவில் ஒரு கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த வருஷம் வந்து உங்கள் முன்னால் இறங்கிக் காட்டுகிறேன் என்று சொல். தன் குறையைத் தானே சொல்கிறவளை நல்ல முதலாளி யாரும் விடமாட்டார், அவர் விட்டால் இன்னொரு டீம் இருக்கிறது, நீ பயப்பட வேண்டியது ஏழே ஏழு வளைவுக்குத்தான். அந்த ஏழையும் சைக்கிள் இல்லாமல் நட. பிறகு எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் உள்ளே போ, ஆமை மாதிரி போனாலும் பரவாயில்லை, ஆனால் உள்ளே போனபிறகு பிரேக்கைத் தொடாதே. வேகம் தானாக வரும். அந்தப் பெண்ணிடம் பேசிப் பழகு, அவள் பின்னாலேயே இறங்கு, அவளுக்குப் பாறையில் உன் துணிச்சலைக் கொஞ்சம் கடன் கொடு. மூன்று நாள் நான் அவளுக்கும் அப்பாவாக இருந்திருக்கிறேன், அதையும் அவளிடம் சொல், சிரிப்பாள்.

உன் தோளுக்கு எண்ணெய் தடவச் சொல்லி அம்மா சொன்னாள், சுடவைத்து வெதுவெதுப்பாக. நேரத்துக்குச் சாப்பிடு. கடிதம் உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள், மாதக் கடைசிக்கு அதற்குப் பிறகும் பத்து நாள் இருக்கிறது, கலங்காமல் யோசி, என் வார்த்தையை எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம், ஆனால் எடுத்துக்கொள். நீ நீண்ட நாள் உடம்பில் பழுதில்லாமல், மனதில் பாரமில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம், அண்ணனும் அண்ணியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள், குழந்தை என் விரலைக் கடித்ததால் இந்தப் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது. மறக்காமல் ஒன்று செய், ஒரே ஒரு இடது வளைவு சரியாக வந்தாலும் அதை எடுத்து அனுப்பு, பேர் எழுத வேண்டாம், முகமும் காட்ட வேண்டாம். யார் என்று உன் அம்மா சொல்லிவிடுவாள், எப்படி என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மூன்று நாளாக உட்கார்ந்து தன் கையாலேயே எழுதி முடித்த
உன் அப்பா