மூன்றாம் கட்டைப் பிரித்த மாணவர்கள் மீது மனு

அனுப்புநர்:
அ. தனகோட்டி (வயது 61),
த/பெ. அய்யாசாமி,
மேலத் தெரு, வடக்குத்து,
தென்னார்க்காடு ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு ஜில்லா சுகாதார அதிகாரி அவர்கள்,
கடலூர்.

பொருள்: என் மனைவியின் வலது கையில் எலும்பு முறிவுக்குப் போட்டிருந்த கட்டை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வெட்டிப் பிரித்துக் கண்காட்சியில் வைத்தது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. முப்பது வயதுக்கு மேல் நானாக எழுத்துக் கூட்டிப் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

2. என் மனைவி வள்ளியம்மாள் ஜூன் 3-ஆம் தேதி புல்லுக்கட்டோடு வரப்பில் வழுக்கி விழுந்ததில் வலது முன்கை எலும்பு முறிந்தது. காடாம்புலியூர் எலும்பு வைத்தியர் தங்கராசு அன்றே வந்து எலும்பைப் பொருத்தி, முட்டை வெண்கருவும் உளுத்தம் மாவும் தடவிய துணியைச் சுற்றி, நான்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். துணி என் வேட்டியில் கிழித்தது. எட்டு நாளைக்கு ஒரு தரம் அவிழ்த்துக் கட்டுவார். மொத்தம் ஐந்து கட்டு. மூன்றாம் கட்டில் வீக்கம் வற்றி, விரல்களை மடக்கி நீட்டினாள்.

3. ஜூன் 21-இல் மந்தாரக்குப்பத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. அவள் போனது இருமலுக்கு. கையைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த மாணவர்களில் சிங்காரவேல் என்பவர் அவள் கையைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டி, "ஆயா, இது கையா, வேலிப் படலா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள், "கூடிக்கினு வருதுங்க. இன்னும் ரெண்டு கட்டுதான். பிரிக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார்கள். கையை இப்படியும் அப்படியும் திருப்பி ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள். அவள் அலறியதைக் கேட்டு ஆண்கள் வரிசையிலிருந்து நான் ஓடினேன். கூட வந்த டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். எக்ஸ்ரே எடுக்கவும் என்று ஒரு சீட்டு எழுதி, கழுத்தில் துணித் தொட்டில் கட்டி அனுப்பினார்கள்.

4. சுரங்கக் குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரியில், சுரங்கத்தில் வேலை செய்யும் என் மகன் பர்மனென்டா என்று கேட்டார்கள். அவன் காண்ட்ராக்ட். பர்மனென்ட் ஆட்களின் குடும்பத்துக்குத்தான் அங்கே வைத்தியம் என்று விதியைச் சொன்னார்கள், அவர்கள் மேல் புகார் இல்லை. தங்கராசுவிடம் போனேன். பிறர் பிரித்த கட்டை அவர் குடும்பத்தில் யாரும் தொடுவதில்லையாம். நான்கு முறை நடந்தும் அசையவில்லை. அவரையும் நான் விட்டுவைக்கவில்லை. சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லிவிட்டேன். அதில் பன்னிரண்டு நாள் போயிற்று, அதையும் மறைக்கவில்லை. பிறகு கடலூரில் படம் எடுத்தோம். எலும்பு விலகிக் கூடிவிட்டது, சென்னைக்குப் போய் மறுபடி உடைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்றார்கள்.

5. இப்போது அவளால் வலது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியாது. சோறு வாய்க்கு வருவதில்லை. இடது கையால் சாப்பிடுகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறாள்.

6. முகாமின் கடைசி நாள் சுகாதாரக் கண்காட்சி வைத்தார்கள். மேசை மேல் அந்த நான்கு பத்தைகளும் என் வேட்டித் துணியும் இருந்தன. கரையைப் பார்த்ததும் தெரிந்தது. பக்கத்தில் அட்டை: 'அறியாமையின் கட்டு. நம்பிக் கெடாதீர்.' ஜனங்கள் நின்று படித்தார்கள். இதே மேசை அடுத்துப் பண்ருட்டிக்கும் போயிற்றாம்.

7. நான் இங்கிலீஷ் வைத்தியத்துக்கு விரோதி அல்ல. அம்மை குத்த வந்தபோது எங்கள் தெருவில் முதலில் கை நீட்டியவன் நான். சுரங்கத்தில் என் மகனுக்குக் கொடுத்த முதலுதவிப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருக்கிறேன். முப்பத்தோராம் பக்கத்தில், எலும்பு முறிந்தால் மூங்கில் அல்லது பலகை வைத்து அசையாமல் கட்டவும் என்று அச்சிட்டிருக்கிறது. மாணவர்கள் அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை போலும். தங்கராசு கட்டியது தப்பு என்றால் நிரூபிக்கட்டும். தெரியாத ஒன்றைப் பார்த்ததும் சிரிப்பதற்கு எந்தக் கல்லூரியில் பாடம் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தாங்களே விசாரிக்கவும்.

8. ஆகவே என் மனைவியின் கையைச் சென்னையில் சர்க்கார் பொறுப்பில் சரிசெய்ய உத்தரவிட வேண்டும். சிகிச்சை நாளில் சிங்காரவேல் பக்கத்தில் நின்று முழுவதும் பார்க்க வேண்டும். அந்த அட்டையை எடுத்துவிட்டு, கீழே நான் எழுதியுள்ளதை வைக்க வேண்டும்:

'பதினெட்டாம் நாள், கூடிவந்த கையிலிருந்து மாணவர்கள் வெட்டி எடுத்த கட்டு. கைக்குரியவள் வேண்டாம் என்றாள்.'

மன்னிப்புக் கடிதம் தேவையில்லை. வந்தால் திருப்பி அனுப்புவேன்.

9. நான் எழுதியதற்கு அத்தாட்சியாக வள்ளியம்மாள் கீழே தன் வலது கைப் பெருவிரல் ரேகையை வைத்திருக்கிறாள். கவிழ்த்து வைக்கிற வேலைக்கு மட்டும் அந்தக் கை உதவுகிறது.

இடம்: வடக்குத்து
தேதி: 19–8–1963

தங்கள் உத்தரவு வரும்வரை எழுதிக்கொண்டே இருக்கும்,
அ. தனகோட்டி

வள்ளியம்மாள் வலது கைப் பெருவிரல் ரேகை

இணைப்பு: மாணவர்கள் எழுதிய சீட்டு, முப்பத்தோராம் பக்கத்தின் கைப்பிரதி. புத்தகம் என்னிடமே இருக்கும்.