கல்லுக்குப் பாதி பொருந்தாது

உப்பும் முத்தும் குறையாத வெண்மணல் நாட்டுப் பேரமைச்சர், சொல் தவறாச் செல்வர் கொடுங்குன்றனார் திருமுன்பு செந்நெல் நாட்டு ஓலைநாயகம் விடுக்கும் ஓலை. தங்கள் மாடங்கள் உயர்க, தங்கள் துறைகள் நிறைக.

கல்லைப் பாழாக்கியவள் அவளே என்று பெருந்தச்சன் சேந்தனும், செவியில்லாதவன் கையில் உளி எதற்கு என்று யாழ்வல்லாள் அல்லியங்கோதையும், அரசர் வீற்றிருப்பதையும் மறந்து புதுமண்டபத்தில் இரைந்துகொண்டிருந்தனர். அன்று அவ்விருவருக்கும் மணநாள் என்பதுதான் கொடுமை. நெடுந்தூணையும் குறுந்தூணையும் மணமக்கள் ஒருசேரத் தட்ட, இரண்டும் ஒரே சுரத்தைக் கீழும் மேலுமாய் ஒலித்தால்தான் எங்கள் நாட்டில் மணமாலை. நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேலெழும் என்று அவள் என்றோ சொன்னதை நம்பி, அவன் கல்லையும் பாதியாய் அறுத்துவிட்டான். கல் என்ன நரம்பா? ஒரு மாடி ஏற வேண்டிய சுரம் கூரைமேல் போய்க் கீச்சிட்டது. அவை சிரித்தது. சிரித்தவர்களில் எம்மையும் சேர்த்துக்கொள்க. பொழுது சாயுமுன் சேந்தன் ஆற்றைக் கடந்தான்.

அவளோ வீடு திரும்பவில்லை. கல் கிடங்கில் ஒரே பருமனான துண்டுகளை ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்குச் சித்தம் கலங்கிற்று என்று ஊர் பேசிற்று. பேச வேறு என்ன இருந்தது? கடைசியில் ஒரு துண்டு நெடுந்தூணுக்கு மறுமொழி சொன்னது. அதன் நீளம் பாதியும் அன்று, முக்காலும் அன்று. நெடுந்தூணின் நீளத்தைக் கயிற்றால் அளந்து, அதை மூலைக்கு மூலையாக வைத்துக் கோலமாவால் தரையில் சதுரம் கீறினாள். அச்சதுரத்தின் பக்கமே அத்துண்டின் நீளம். கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஓடிப்போய்ச் சொல்லத் தக்கவன் அக்கரையில் இருந்தான்.

அச்சேந்தன் இப்போது தங்கள் நாட்டில் மண்டபம் எழுப்புவதாகவும், குறுந்தூணுக்கு மறுபடியும் பாதிக்கே கோடு போட்டிருப்பதாகவும் உப்பு வணிகர் வழியே கேள்வி. ஆகவே இவ்வோலை கண்டவுடன் உளியை நிறுத்துக. சதுரத்தின் கணக்கை அவனுக்குச் சொல்லுக. சொன்னவள் பெயர் தெரியக்கூடாதென்று அல்லியங்கோதை எம்மிடம் கைகூப்பி வேண்டினாள். ஆதலால் தாங்களும் அப்பெயரை அவனிடம் மறந்தும் சொல்லாதிருக்க.

இது எங்கள் அரசர் ஆணைப்படி எழுதியது. மீன்கொத்தி முத்திரை இட்டோம்.

முத்திரைக்குப் பின் ஒரு சொல்: தங்கள் துறைமுகத்து முத்துக்காரர் மகளைச் சேந்தன் மணக்கிறானாமே, அவன் மணநாளில் தட்டப்போவதும் அம்மண்டபத்துத் தூண்களைத்தானாமே! அல்லியங்கோதைக்கும் அது தெரியும். தெரிந்தே கணக்கைக் கொடுத்துவிட்டு, யாழை எங்கள் கிடங்கில் வைத்து, மலையடி ஊருக்குக் குடிபோய்விட்டாள்.