பாடாமல் தாண்டிய கேரல்

திண்டிவனம்

ஆரோன் அம்மாவுக்கு,

நேற்று சாயங்காலம் வேர்க்கடலை மூட்டைகளை எண்ணி வைத்து, மல்லாட்டை மண்டியைப் பூட்டிவிட்டு, நட்சத்திர விளக்கைப் போட்டுக் காத்திருந்தேன். கிறிஸ்துமஸ் கேரல் குழு நம் வீட்டைப் பாடாமல் தாண்டியது. சாவு விழுந்த வீட்டில்தானே அந்த வருஷம் பாடமாட்டார்கள்? ஓடிப்போய், குழுவை நடத்தி வந்த சபை உபதேசியாரை மறித்தேன்.

"இன்னா உபதேசியாரே, எம்புள்ள முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில உசுரோட இருக்கான். பாடிட்டுப் போங்க!"

"மன்னிச்சுக்கங்கண்ணே, தப்பாயிட்டுது," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாடினார்கள். சந்தோஷமாக இருக்கிற வீட்டுக்குத்தான் அந்தப் பாட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பயந்து கிடக்கிறவன் வாசலில்தான் 'பிறந்தார்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

உபதேசியார் மகள் ஆரோன் இருக்கும் வார்டில்தான் நர்ஸ். அவன் பக்கத்தில் இருக்கிற நீயும் நேற்றிலிருந்து போன் எடுக்கவில்லை. அங்கே வர எனக்குத் தைரியமில்லை. மண்டி வண்டி டிரைவரிடம் இந்தக் கடிதத்தோடு கஞ்சியும் கொடுத்தனுப்புகிறேன். ஆரோன் குடித்தான் என்று மட்டும் எழுதி அனுப்பு.

உன் வீட்டுக்காரன்