சுற்றிக் கொட்டிய உப்பு

இன்று காலை பக்கத்து வீட்டில் குழந்தைக்குத் திருஷ்டி சுற்றி மிளகாயை அடுப்பில் போட்டார்கள். நெடியில் எனக்கு இருமல் வந்தது. பின்னாலேயே உன் நினைவும் வந்தது. நீ கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது.

யுத்த காலத்தில் கிழக்கேகோட்டையில் நம் தெருவே அரிசிக்குத் திண்டாடியது. என் நான்கு குழந்தைகளுக்கும் பாதி வயிறு கொல்லைக் கத்தரிக்காயில்தான் நிறைந்தது. நீ அடுத்த வீடு. தண்ணீருக்கு என் கொல்லைக் கிணற்றுக்குத்தான் வருவாய். "என்னமா காய்ச்சிருக்குடி!" என்றாய் ஒரு நாள். அவ்வளவுதான். மறுவாரம் இரண்டு இலை வாடின. எனக்கோ சும்மாவே சந்தேக புத்தி. உன் கண்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நீ வந்து போகும் ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி கல்லுப்பைச் செடிகளுக்குச் சுற்றி, தண்ணீரில் கரைத்துப் பாத்தியிலேயே கொட்டினேன். திருஷ்டி செடிக்குத்தானே, வேறெங்கே கொட்டுவது? இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தன. இவள் கண் இவ்வளவு பொல்லாததா என்று இரண்டு கைப்பிடியாக்கினேன்.

ஒரு நாள் நீயே பாத்தியில் உட்கார்ந்துவிட்டாய். இலையைத் திருப்பிப் பார்த்தாய், தண்டைக் கீறினாய், ஒரு செடியைப் பிடுங்கி வேரை அலசினாய்.

"பூச்சியும் இல்லே, புழுவும் இல்லே. இது தீனமே, வியாதியே இல்லையாக்கும்" என்று சொல்லி, துளி மண்ணை நாக்கில் வைத்தாய். "உப்பு கரிக்கறதேடி! யாரு கொட்டினா?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே தினம் இங்கே வரே" என்றேன்.

கையை உதறிக்கொண்டு எழுந்தாய்.

"இனிமே வரலேடி. உன் செடி பொழைக்கட்டும்."

அன்றிலிருந்து தெருக் குழாயில் குடத்தோடு நின்றாய். இடவப்பாதி மழை கொட்டிப் பாத்தியை அலசியது. செடிகள் துளிர்த்துக் காய்த்தன. "பார்த்தேளா, அவ வரது நின்னுது, செடி பொழைச்சுது" என்று என் அகத்துக்காரரிடம் ஜெயித்த மாதிரி சொன்னேன்.

நீ வராததால் நானும் உப்புச் சுற்றவில்லை என்பது உறைக்க எனக்கு வருஷங்கள் ஆயின. உறைத்த பிறகும் வெட்கம் விடவில்லை. அடுத்த வாசல்தான், ஏறவில்லை. உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் இன்னும் அரிக்கிறது.

நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன். கொட்டினது நான்தான்டி.