கம்பியைக் கழற்ற ஆர்டர் இல்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளுக்கு இருமல் விட்டதா, வெந்நீரே கொடுங்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் மாத்திரை போட்டுவிட்டேன் என்று பொய் சொல்கிறார், டப்பாவை நான் திறந்து பார்ப்பது அவருக்குத் தெரியாது. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. எப்போதும் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவாள், இது அவளிடம் சொல்லி எழுத முடியாத விஷயம், அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்கு வெளியே காட்டுக்குள் புதிதாக நடைபாதை போட்டு, வாசலில் 'எல்லோருக்குமான பாதை' என்று பலகை வைத்திருக்கிறார்கள், சக்கர நாற்காலிப் படம் வேறு. திறப்பு விழாவுக்கு உன் தங்கையைக் கூப்பிட்டு, அவள் நாற்காலியைப் பாதையில் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள், பேப்பரில் வந்ததே, அனுப்பியிருந்தோம். அன்றைக்குக் கூட்டத்தில் ஒன்றும் பார்க்க முடியவில்லை. நாமாக நிதானமாகப் போவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் செல்போன் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் இருவரையும் கிளப்பினாள். யாரும் தள்ளக் கூடாது, ஓடை வரைக்கும் நானே போவேன் என்று வழியெல்லாம் ஒரே பேச்சு. கால் போய் நாற்காலிக்கு வந்ததிலிருந்து அவள் தானாக ஒரு மரத்தடி வரைக்கும் கூடப் போனதில்லை என்பது உனக்கே தெரியும்.

வாசலில் பார்த்தால் குறுக்கே இரும்புக் கம்பி. பைக் உள்ளே வரக் கூடாதாம், அதற்காக விழா முடிந்த கையோடு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவு மட்டும் இடம் விட்டு முடுக்கிவிட்டார்கள். வாட்ச்மேன் நல்ல மனுஷன்தான், ஆனால் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, பாப்பாவை நாங்க நாலு பேர் சேந்து தூக்கிடறோம்மா என்கிறார். முப்பத்திரண்டு வயதுக்காரி பாப்பாவாம். அவள், அண்ணே, தூக்கிட்டுப் போறவங்க நான் திரும்பி வர வரைக்கும் இருப்பீங்களா, எனக்கு எப்ப வீட்டுக்குப் போகணும்னு நீங்களா முடிவு பண்ணுவீங்க என்று கேட்டாள். நாற்காலி நட்டு கழன்றால் முடுக்க அவள் பையில் ஸ்பேனர் எப்போதும் இருக்குமே, அதை எடுத்து நீட்டி, இதை வச்சுக் கம்பியக் கழட்டுங்க என்றாள். கம்பியைத் தொட ஆர்டர் இல்லை என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இவள் நாற்காலியை அந்த இடைவெளிக்கு எதிரே நிறுத்தி பிரேக்கைப் போட்டுவிட்டாள். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. ஒரு டீச்சரம்மா மட்டும் எங்களுக்காகப் பேசினார், மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அப்பா கூட, விடும்மா, இன்னொரு நாள் வரலாம் என்று மெல்ல ஆரம்பித்தார், நான் முறைத்ததில் வாயை மூடிக்கொண்டார். வாட்ச்மேன் போனில் கேட்டதற்கு அதிகாரியும் தூக்கிவிடுங்கள் என்றே சொன்னாராம். உன் தங்கை குரலை உயர்த்தவே இல்லை, என்னைத் தூக்க ஆர்டர் வேணாம், கம்பியக் கழட்ட மட்டும் ஆர்டர் வேணுமா என்று கேட்டாள். வாட்ச்மேன் ஸ்பேனருக்குக் கையை நீட்டினார்.

உள்ளே அவள் போன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அப்பாவும் நானும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனோம். மரப்பலகை அடித்த பாதையில் சக்கரம் கடகடவென்று உருள, ஒவ்வொரு மரமாக நின்று தொட்டுப் பார்த்தாள். ஆனால் அந்த அயோக்கியத்தனத்தைக் கேள், போட்டோ எடுத்த இடத்தோடு பலகை முடிந்துவிட்டது, அதற்கப்புறம் கல்லும் படிக்கட்டும்தான். ஓடைச் சத்தம் காதில் விழுகிறது, ஓடை கண்ணில் படவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள், இவ்ளோ தூரம் நானா வந்தேன்லம்மா என்றாள். மறுவாரம் போனால் கம்பி திரும்ப முடுக்கியிருக்கிறது. அதனால் என்ன, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறாள், மீதிப் பாதைக்கும் மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். வாட்ச்மேன் இப்போதெல்லாம் தூரத்தில் பார்த்ததுமே ஸ்பேனருக்குக் கையை நீட்டிவிடுகிறார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், லீவுக்கு வரும்போது பிள்ளைகளை அந்தக் காட்டுக்குக் கூட்டிப் போகலாம், தங்கச்சி வீட்டிலேயே இருக்கட்டும், அவளுக்கு எதற்கு வீண் சிரமம், வீடியோ எடுத்துவந்து காட்டினால் போச்சு என்று. என் கண்ணாடி அப்போது ரிப்பேருக்குப் போயிருந்தது. அதை எனக்கும் அப்பாவுக்கும் படித்துக் காட்டியதே அவள்தான். ஒரு வார்த்தையை விழுங்கவில்லை, கடைசி வரைக்கும் படித்து மடித்து வைத்துவிட்டு, பிள்ளைங்களுக்கு ஓடை பிடிக்கும்மா என்று சொல்லிக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். நீ பாசத்தில்தான் எழுதினாய், எனக்குத் தெரியும், அதனால்தான் கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது. அவர்கள் அவளை மறந்துபோய்க் கம்பி போட்டார்கள். நீ அவளை நினைத்துக்கொண்டே போட்டிருக்கிறாய்.

போனில் எனக்குச் சமாதானம் சொல்லாதே, அவளிடம் பேசு. உங்களை எந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குக் கூட்டிப் போவாள் என்று கேட்டு, அவள் சொல்கிற நாளுக்கு டிக்கெட் எடு. பிள்ளைகள் அத்தை பின்னால் நடக்கட்டும். பலகை முடிகிற இடத்தில் நீயும் அவளோடு நின்று அந்தச் சத்தத்தைக் கேள், ஓடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். சின்னவளுக்கு வெந்நீர், மறக்காதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா